மாலை ஏழு மணிக்கு எந்த மின்சாரம்?

பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சு நம் ஊரில் எங்கே தொடங்கினாலும் அரை மணி நேரத்தில் அணு உலையா, சூரியனா என்ற சண்டையாகிவிடுகிறது. ஒருவர் அணு உலைகள் நிற்கும் கூடங்குளத்தைக் காட்டுவார், இன்னொருவர் அதை எதிர்த்துப் போராடிய இடிந்தகரையைக் காட்டுவார். மூன்றாமவர் ஒருவர் எப்போதும் உண்டு. அமெரிக்காவில் தலைக்கு ஆண்டுக்குப் பதினான்கு டன் அளவில் கரியமில வாயு விடுகிறார்கள், இரண்டு டன் விடும் நாம் எதற்கு நம்மை வருத்திக்கொள்ள வேண்டும் என்பார். அவர் கேட்பது நியாயம்தான். பாரிஸ், கிளாஸ்கோ பருவநிலை மாநாடுகளில் இந்தியா அதைத்தான் கேட்டது. ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு மழையை வைத்து பருவநிலை மாற்றத்தை நிரூபிக்க முடியாது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது மட்டும் பள்ளிக்கூட இயற்பியல். அந்த ஈரம் எங்கே இறங்கும் என்பதில் தலைக்கு இரண்டு டன், பதினான்கு டன் என்ற பாகுபாடு கிடையாது.

எனவே உலக நியாயத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, நம் கைக்கு எட்டும் முடிவு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அடுத்த பத்து ஆண்டுகளில் மின்சாரத்துக்குப் போடும் பணத்தை எதில் போடுவது? நிலக்கரி, அணு, காற்று, சூரியன் ஆகிய நான்கைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஐந்தாவதாக ஒன்றை நான் சேர்க்கிறேன்: சேமிப்பு. அதாவது, மிஞ்சும் நேரத்து மின்சாரத்தைப் பிடித்துவைத்து, வேண்டிய நேரத்தில் எடுப்பது.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மாநிலத்தில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் திறன் 11,000 மெகாவாட்டுக்கும் மேல். சூரிய மின்சாரத்தின் திறனும் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. இரண்டையும் கூட்டிப் பார்ப்பவர், தேவைக்குச் சரியாகிவிட்டதே, பிறகு எதற்கு இன்னும் நிலக்கரிப் புகை என்று கேட்பார். காகிதத்தில் சரிதான். ஆனால் நவம்பர் மாதம் ஒரு மாலை ஏழு மணியை நினைத்துப் பாருங்கள். சூரியன் இறங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தென்மேற்குக் காற்று செப்டம்பரோடு விடைபெற்றுப் போயிற்று. வீடுகளில் விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஓடுகின்றன. அந்த இருபத்தோராயிரத்தில் அந்த நேரத்துக்குக் கைகொடுப்பது மிகச் சொற்பம். ஒரு மின்சாரம் நல்லதா கெட்டதா என்று கேட்டால் விவாதம்தான் வளரும். எந்த மணிக்கு வரும் என்று கேட்டால் விடை கிடைக்கும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொன்றிடமும் கேட்கப் போகிறேன்.

சுத்தம் எவ்வளவு என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. சுரங்கம் தோண்டுவது முதல் ஆலையைக் கலைப்பது வரை மொத்த ஆயுளையும் கணக்கிட்டு, ஐ.நா.வின் பருவநிலைக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2014-இல் தந்த இடைநிலை மதிப்புகளின்படி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம் கரியமில வாயு விடுகிறது. எரிவாயு 490. பெரிய சூரியப் பூங்கா 48. அணு 12, நிலக் காற்றாலை 11. சூரியத் தகட்டைத் தயாரிக்கவே ஏகப்பட்ட நிலக்கரி எரிகிறதே என்று கேட்பவர்களுக்கு அந்த 48-இலேயே பதில் இருக்கிறது. தயாரிப்பையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

நிலக்கரி பழைய, பழகிய பதில். அதன் பெரிய பலம், மாலை ஏழு மணிக்கு வரும் என்பது. நெய்வேலியில் 1962-இல் பழுப்பு நிலக்கரியில் முதல் மின்சாரம் எடுத்த நாளிலிருந்து இந்த மாநிலத்தைத் தாங்கியது அனல் மின்சாரம்தான். அதைப் புறங்கையால் தள்ளிவிட்டுப் பேசுகிறவர்கள் 2012-ஐ மறந்துவிட்டார்கள். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு. கோவையிலும் திருப்பூரிலும் டீசல் ஜெனரேட்டர் வைத்து ஓட்டியவர்கள் போக மற்றவர்கள் தறியை நிறுத்தினார்கள். அந்த அச்சத்தில் பிறந்ததுதான் நாங்கள் புது அனல் நிலையம் கட்டுகிறோம் என்று எந்த ஆட்சி வந்தாலும் சொல்லும் வாக்குறுதி. உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு அப்படி எழுந்தவை.

அதன் விலையைப் பார்க்க வேண்டுமானால் எண்ணூருக்குப் போக வேண்டும். ஒடிசாவின் தால்சேரில் தோண்டிய நிலக்கரி ரயிலில் பாரதீப் வந்து, அங்கிருந்து கப்பலேறி வந்து சேர்கிறது. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அதாவது ஒரு கப்பல் நிலக்கரி வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கை நாம் சாம்பலாக எங்கேயோ கொட்டியாக வேண்டும். வடசென்னை அனல் மின்நிலையத்தில் சாம்பலைத் தண்ணீரோடு குழம்பாகக் கலந்து, இரும்புக் குழாய்களில் செலுத்தி, செப்பாக்கம் கிராமத்தை ஒட்டிய சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைக் கடந்து போகின்றன. ஆண்டுக்கணக்கில் அவை ஒழுகின. ஒழுகிய சாம்பல் ஆற்றின் அடியில் படிந்து சிமெண்ட்போல் இறுகியது. இறாலும் நண்டும் கிடைத்த இடத்தில் முழங்காலளவு சாம்பல் சேறு. ஆழம் குறைந்ததால் படகு தரைதட்டுகிறது. வெயில் காலத்தில் குளம் வறண்டால் செப்பாக்கத்து வீடுகளின் கூரையிலும் சோற்றுத் தட்டிலும் அந்தத் தூள் வந்து உட்காரும். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. 1970-இல் தொடங்கிய பழைய எண்ணூர் நிலையத்தை 2017-இல் மூடிவிட்டார்கள். ஆனால் 2024-இல் அதே கரையில் வடசென்னை மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் திறந்தார்கள். யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று மின்வாரியம் போடும் கணக்கில் இந்தச் சாம்பலுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

புகையையும் சாம்பலையும் பொறுத்துக்கொள்வேன், எனக்கு மின்சாரம் வந்தால் போதும் என்கிறவருக்கும் நிலக்கரியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது அதிகம் பேசப்படுவதில்லை. அனல் நிலையத்தின் கொதிகலனை அடுப்புபோல் ஏற்றி அணைக்க முடியாது. முழுதாக ஆறிப்போன அலகை மீண்டும் ஓட்டத்துக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். எனவே மாலைக்கு வேண்டும் என்றால் மதியமும் அது ஓடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். இப்போதைய விதிப்படி முழுத்திறனில் 55 சதவீதம் வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் இயந்திரத்துக்குக் கேடு. இதனால் ஜூலை மாதத்து மதியத்தில், வெயிலும் காற்றும் ஒருசேர அடிக்கும்போது, கிட்டத்தட்ட இனாமாக வரும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு நிலக்கரியை எரிக்கும் விசித்திரம் நடக்கிறது. இன்னொரு பக்கம் பணக் கணக்கு. நாம் தேடுவது ஆண்டில் சில மாதங்கள், நாளில் நான்கைந்து மணி நேரத்துக்கான மின்சாரம். தீபாவளிக்கு முந்தின நாள் கிளாம்பாக்கத்தில் பஸ் போதவில்லை என்பதற்காக ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து ஆயிரம் பஸ் வாங்கி நிறுத்துகிறவர் யாரும் இல்லை. புது அனல் நிலையத்தில் அதைத்தான் செய்கிறோம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதன் நிலையான செலவை மின்வாரியம் கட்ட வேண்டும். மற்ற மாநிலங்கள் அண்மையில் போட்ட புது நிலக்கரி ஒப்பந்தங்களே யூனிட்டுக்கு ஐந்து ரூபாயைத் தாண்டிவிட்டன. அதுவும் ஆலை பெரும்பாலான நேரம் ஓடும் என்ற கணக்கில்.

உடன்குடியின் 1,320 மெகாவாட் எழுபது சதவீத ஓட்டத்தில் இருந்தால், நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கில், ஆண்டுக்கு எழுபது லட்சம் டன் கரியமில வாயு. ஒருமுறை கட்டிவிட்டால் முப்பது, நாற்பது ஆண்டுகள் அதை ஓட்டியே தீர வேண்டும், கடன் இருக்கிறது. இந்தியா நிகரச் சுழியம் (விடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சுவதும் சமம்) என்று சொல்லியிருக்கும் 2070-இன் வாசல் வரை அது நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடும்.

எரிவாயு? ராமநாதபுரம், வழுதூர், கோவில்களப்பால் பக்கம் சிறு நிலையங்கள் இருக்கின்றன. மாலை நேரத்துக்கு மிகப் பொருத்தமான இயந்திரம்தான், சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். ஆனால் உள்ளூர் வாயு போதாது, கப்பலில் வரும் வாயுவின் விலை ரஷ்யா–உக்ரைன் போரின்போது போன உயரத்தை எல்லோரும் பார்த்தோம். அதை நம்பித் திட்டம் போட முடியாது. அடுத்ததற்குப் போகலாம்.

அணு மின்சாரத்தைப் பற்றி நிதானமாகப் பேசுகிறவர்கள் குறைவு. ஆதரிப்பவர்களுக்கு அது அறிவியலின் மானப் பிரச்சினை, எதிர்ப்பவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. புகையைப் பொறுத்தவரை அது காற்றாலைக்குச் சமம். இரவு, பகல், ஆடி, மார்கழி என்ற வேறுபாடு அதற்கில்லை. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் தலா ஆயிரம் மெகாவாட், அதில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வருகிறது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு மின்நிலையம் வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த கடற்கரைக் கிராமத்து மக்கள், தங்கள் வீட்டுக் கொல்லையில் எழும் உலையைக் கண்டு பயந்தது மூடத்தனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2004 சுனாமியை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் தேசத்துரோக வழக்குகள் வந்தன. தீர்ந்த எரிபொருளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, இன்றுவரை வளாகத்துக்குள்ளேயே என்பதுதான் விடை.

ஆனாலும் என் கணக்கில் அணு பின்தங்குவது பயத்தினால் அல்ல, காலத்தினால். ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1988. கட்டுமானம் தொடங்கியது 2002. முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014-இன் கடைசி நாளில். இடையில் ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் முடித்து வேலைக்குப் போய்விட்டது. மூன்றாம், நான்காம் உலைகளுக்கு 2017-இல் கான்கிரீட் போட்டார்கள். கல்பாக்கத்தில், எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் வேலை 2004-இல் தொடங்கியது, எரிபொருள் நிரப்பும் சடங்கு 2024-இல்தான் நடந்தது. பாதியில் இருப்பவற்றை முடியுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இன்று முடிவெடுத்து 2035-இல் மின்சாரம் வேண்டும் என்கிறவர் புது அணு உலைமீது பந்தயம் கட்டலாமா? இன்னொன்று, அணு உலையையும் நம் நாட்டில் மாலைக்கு ஏற்றி மதியத்துக்கு இறக்கி ஓட்டுவதில்லை. ஒரே அளவில் ஓடும். அந்த அளவுக்கு மட்டும் அது உதவும். ஒரு உலை பழுதாகி நின்றால் ஆயிரம் மெகாவாட் ஒரே நொடியில் போகும்.

இனி காற்று. இதில் தமிழ்நாடு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. 1986-இலேயே தூத்துக்குடிக்கு அருகே முல்லைக்காட்டில் காற்றாலை நட்ட மாநிலம் இது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த மூன்று கணவாய்கள், அரபிக்கடல் காற்றைப் புனல் வைத்து ஊற்றியதுபோல் நம் பக்கம் அனுப்புகின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த ஊரில் அந்தக் காற்றுக்கு அறிமுகம் தேவையில்லை. மே முதல் செப்டம்பர் வரை பல நாட்களில் மாநிலத்தின் கணிசமான பங்கை காற்றே கொடுத்துவிடுகிறது. 2012-ஐ ஒட்டிய அந்தக் கொடுமையான ஆண்டுகளில்கூட, காற்றுக்காலம் பிறந்தால் மின்வெட்டு நேரம் குறையும். சூரியனைப்போல் ஆறு மணிக்குக் கடையைச் சாத்துவதும் இல்லை. காற்றுக்காலத்தில் மாலையிலும் இரவிலும் சுற்றும்.

நம் காற்றாலைகளின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆரல்வாய்மொழி – முப்பந்தல் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள், மின்கம்பி கோபுரம்போல் இரும்புச் சட்டத்தில் நிற்கும் குட்டைக் காற்றாலைகள். பெரும்பாலும் தொண்ணூறுகளில், வருமான வரிச் சலுகைக்காக நூற்பாலைகளும் சிமெண்ட் ஆலைகளும் வாங்கி நட்டவை. ஒவ்வொன்றும் 225, 250 கிலோவாட். முப்பது மீட்டர் உயரத்தில் இறக்கை. இன்று நடுகிற இயந்திரம் இரண்டு, மூன்று மெகாவாட். நூற்றிருபது மீட்டருக்கு மேல் நிற்கும். அந்த உயரத்தில் காற்று வலுவானது, நிதானமானது. ஒரு புது இயந்திரம் பத்துப் பழையவற்றுக்குச் சமம். அதுமட்டுமல்ல, பழைய இயந்திரம் ஓடுவதற்கே மின்கட்டமைப்பிலிருந்து எதிர்வினைத் திறனை (வேலை எதுவும் செய்யாமல், இயந்திரத்தின் காந்தப்புலத்துக்கு மட்டும் போய்வரும் மின்திறன்) இழுத்துக்கொள்ளும், வோல்டேஜ் கொஞ்சம் தடுமாறினால் கழன்றுகொள்ளும். ஆக, நாட்டிலேயே மிகச் சிறந்த காற்று வீசும் மனையில் மிக மோசமான இயந்திரங்களை முப்பது ஆண்டுகளாகக் குடிவைத்திருக்கிறோம்.

ஏன் மாற்றவில்லை? மாற்றுவதற்கான கொள்கையை அரசு 2024-இல் அறிவித்தது. சிக்கல் நிலத்தில் இருக்கிறது. பெரிய இறக்கைக்குப் பெரிய இடைவெளி வேண்டும். ஒருவரது புது ஆலை நிற்க வேண்டுமானால் பக்கத்து நான்கு பேரின் பழையவை போக வேண்டும். அந்த நான்கு பேரும் நான்கு ஆலை முதலாளிகள். தவிர, பழைய ஆலைக்கு பேங்கிங் என்ற சலுகை உண்டு. ஜூனில் காற்றில் எடுத்த யூனிட்டுகளை மின்வாரியத்தில் வரவு வைத்துவிட்டு, காற்றில்லாத மாதத்தில் தன் நூற்பாலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாரியத்திடம் அதற்கென்று ஒரு கிடங்கும் இல்லை. உபரியான காலத்தில் வாங்கிக்கொண்டு, பற்றாக்குறைக் காலத்தில் சந்தையில் விலை கொடுத்து வாங்கித் திருப்பித் தருகிறது. இப்படி ஒரு வைப்புக் கணக்கு கையில் இருக்கும்போது, அந்தப் பழைய கோபுரத்தைக் கழற்ற எந்த முதலாளிக்கு மனம் வரும்? புது ஆலைக்கு மாறினால் அந்த உரிமை எந்த அளவுக்குத் தொடரும் என்பதை ஐயமில்லாமல் சொல்லிவிட்டால், பாதி வேலை முடிந்தது. அரசின் பணம் அதிகம் தேவைப்படாத வேலை இது. பிடிவாதம் மட்டும் வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் கடலுக்குள் காற்றாலை நடும் திட்டத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட் என்று மத்திய அமைச்சரவை 2024-இல் 7,453 கோடி ரூபாய் உதவியுடன் ஒப்புதல் தந்தது. காற்று அங்கே அருமை. ஆனால் அது ஆமையும் கடற்பசுவும் வாழும் கடல், மீனவர்களின் கடல், செலவும் நிலத்தைவிடப் பல மடங்கு. முப்பந்தலைச் சரிசெய்யாமல் கடலுக்குள் இறங்குவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

சூரியனைப் பற்றி இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பேச வேண்டும். ஒன்று பெரிய பூங்கா. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட், எட்டே மாதங்களில் எழுந்தது. கூடங்குளத்தின் இருபத்தாறு ஆண்டுகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். புதுப் பூங்காக்களின் மின்சாரம் யூனிட்டுக்கு இரண்டரை, மூன்று ரூபாய்க்குள் கிடைக்கிறது. பகலுக்கு இதைவிட மலிவாகப் புது மின்சாரம் நமக்குக் கிடைக்காது. மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர் என்பது சும்மா இல்லை. தென்மாவட்டத்துக் கரிசலில் தரிசு என்று வருவாய்த்துறை எழுதிவைத்திருக்கும் நிலத்தில்தான் ஆடு மேய்கிறது என்பதை இடம் பார்க்கப் போகிறவர்கள் கவனிப்பதில்லை. இருந்தாலும் பகலுக்கு வேண்டிய மின்சாரத்தின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. சூரியன் வென்றுவிட்டது.

இரண்டாவது கூரை. இதில் நம் மாநிலத்தின் நிலை வேடிக்கையானது. மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் வைத்தால் 78,000 ரூபாய் மானியம். மூன்று கிலோவாட் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு எழுநூறு. இரு மாதத்துக்கு ஆயிரம் யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு, உச்சப் படிநிலையில் யூனிட் பத்து ரூபாய்க்கு மேல் போவதால், போட்ட பணம் சில ஆண்டுகளில் வந்துவிடும். அப்படிப்பட்டவர் தயங்காமல் வைக்கலாம். ஆனால் முதல் நூறு யூனிட் இனாம், அதற்கு மேலும் மலிவு என்ற படிநிலையில் முந்நூறு, நானூறு யூனிட்டோடு நிற்கும் நடுத்தர வீட்டுக்கு மின்கட்டணமே சிறியது, மிச்சம் பிடிக்க அதில் என்ன இருக்கிறது? கேரளத்திலும் குஜராத்திலும் கூரைகளில் தகடு மின்னுவதற்கும் இங்கே மொட்டை மாடியில் வடகம் காய்வதற்கும் காரணம் விழிப்புணர்வுக் குறைவு அல்ல, கட்டணப் படிநிலை. எந்த அரசும் அதைத் தொடத் துணியாது. வீட்டுக் கூரையைவிடப் பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகம், தொழிற்சாலைக் கூரைகளைப் பிடிப்பது புத்திசாலித்தனம். அங்கே பகலில்தான் வேலை, அங்கேதான் கட்டணமும் அதிகம்.

ஆக, பகலுக்குச் சூரியன். மே முதல் செப்டம்பர் வரை மாலைக்குக் காற்று. மிச்சமிருப்பது அந்த நவம்பர் மாலை. இதற்குப் புது அனல் நிலையமா, சேமிப்பா என்பதுதான் உண்மையான போட்டி என்று நினைக்கிறேன்.

சேமிப்பு நமக்குப் புதிதல்ல. ஆனைமலையில், ஆழியாறுக்கு மேலே, காடம்பாறை நீரேற்று மின்நிலையம் எண்பதுகளின் கடைசியிலிருந்து இருக்கிறது. நானூறு மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து காடம்பாறை அணைக்குத் தண்ணீரை ஏற்றுவார்கள். மாலையில் அதே தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியே இறங்கி விசையாழியைச் சுற்றும். நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும். கால் பங்கு நஷ்டமா என்று கேட்கலாம். மதியம் நிறுத்திவைக்கப்படும் மின்சாரத்தில் கால் பங்கு போனால் என்ன குறை? தண்ணீரும் செலவாவதில்லை. இரண்டு தொட்டிகளுக்கு இடையே ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டில் இன்னொன்று பல ஆண்டுகளாகக் கட்டப்பட்டு வருகிறது. மலையைக் குடைவதற்கு நாள் பிடிக்கும், வனத்துறை அனுமதிக்கும் நாள் பிடிக்கும். நிலச்சரிவு அடிக்கடி நடக்கும் மலையில் அந்த நிதானம் தேவையும்கூட. ஆகவே எங்கெல்லாம் மலை இருக்கிறதோ அங்கெல்லாம் நீரேற்று நிலையம் என்று வரைபடத்தில் புள்ளி வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு அணைகள் மேலும் கீழுமாக இருக்கும் இடங்களோடு நின்றுகொள்ளலாம்.

மலை இல்லாத இடத்துக்கு பேட்டரி. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் இதை எழுதியிருந்தால் பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கியிருப்பேன். 2022-இல் மத்திய சூரிய ஆற்றல் கழகம் நடத்திய ஏலத்தில், இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரிக்கு மெகாவாட்டுக்கு மாதம் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் வாடகை கேட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், அரசு மானியத்துடன் நடந்த ஏலங்களில், அது இரண்டரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது. சூரிய மின்சாரத்தையும் மாலைக்கான பேட்டரியையும் சேர்த்தே யூனிட் மூன்றரை ரூபாய் அளவில் தருவதாக 2024-இன் இறுதியில் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. நிலக்கரியின் ஐந்து ரூபாயோடு இதை வைத்துப் பார்த்தால் விவாதம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கட்டிமுடிக்க ஆண்டுக்கணக்கு வேண்டாம். துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில், பெட்டி பெட்டியாக இறக்கிவைத்து இணைத்துவிடலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். செல்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. வளைகுடா எண்ணெயை நம்பியிருந்த நாடு சீன பேட்டரியை நம்ப வேண்டிவரும். பத்து, பதினைந்து ஆண்டுகளில் அவற்றின் திறன் குறையும், கழிவை என்ன செய்வது என்ற கேள்வி எழும். எல்லாவற்றையும்விடப் பெரியது, பேட்டரி நான்கு மணி நேரம் தாங்கும், நான்கு நாட்கள் தாங்காது. வடகிழக்குப் பருவமழையில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து ஐந்து நாட்கள் வானம் மூடிக்கொண்டால், வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, பேட்டரியை நிரப்புவதற்கு எதுவும் இல்லை. அந்த ஐந்து நாட்களுக்காக இருக்கிற அனல் நிலையங்களை மூடாமல் வைத்திருக்கச் சொல்வேன். அவற்றை ஆண்டு முழுவதும் எரிக்காமல், அவசரத்துக்கு மட்டும் எழுப்பலாம். இருப்பதை வைத்திருப்பதும் புதிதாகக் கட்டுவதும் ஒன்றல்ல.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், காசு செலவில்லாத ஒரு சேமிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்புசெட்டுகள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும்போது டார்ச் விளக்கோடு வரப்பில் போய் மோட்டாரைப் போட்டு, பாம்புக் கடிக்கும் பயந்து நீர் பாய்ச்சிய காலத்தை டெல்டாவிலும் கொங்கு நாட்டிலும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று வாரியத்துக்கு ராத்திரியில்தான் மின்சாரம் மிஞ்சியது. இன்று மதியம் பதினொன்று முதல் மூன்று வரை மிஞ்சுகிறது. பம்புசெட்டுகளுக்குத் தனி மின்பாதை போட்டு, அவற்றின் பெரும்பங்கை அந்த நேரத்துக்குக் கொண்டுவந்தால், மாலைச் சுமை தானே குறையும். நிலத்தடியிலிருந்து ஏறிய தண்ணீரே சேமித்த மின்சாரம். விவசாயியும் வெளிச்சத்தில் வேலை பார்ப்பார். தொழிற்சாலைகளுக்கு இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை ஐந்து சதவீதத் தள்ளுபடி என்ற பழைய விதியும், காலை உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணமும் அனல் நிலையக் காலத்தில் எழுதியவை. தள்ளுபடியை மதியத்துக்கு மாற்றினால் மில்காரர்களே தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்வார்கள். யாரையும் அறிவுரை சொல்லித் திருத்த வேண்டியதில்லை.

ஆகவே பணப்பை என் கையில் இருந்தால் முதலில் கட்டண நேரத்தையும் பம்புசெட் மின்பாதையையும் சரிசெய்வேன். கூடவே முப்பந்தல், பல்லடம் பக்கத்துப் பழைய காற்றாலைகளை மாற்றுவதற்கான முட்டுக்கட்டைகளை எடுப்பேன். அடுத்த பெரிய தொகை பேட்டரிக்கும் குந்தாவை முடிப்பதற்கும். பகலுக்கான சூரியப் பூங்காக்களைத் தனியார் தாமே போட்டுக்கொள்வார்கள், அவர்களுக்கு மின்பாதை மட்டும் போதும். கூடங்குளத்தில் கட்டிக்கொண்டிருப்பவை வந்தால் வரட்டும், அவற்றை நம்பி எதையும் ஒத்திப்போட மாட்டேன். உடன்குடியின் அடுத்த கட்டங்களுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.

இந்தக் கணக்கு தோற்கவும் வாய்ப்புண்டு. பேட்டரி டெண்டர் எடுத்தவர்கள் மிகக் குறைந்த விலை கேட்டுவிட்டுக் கட்டாமல் நழுவினால், குந்தா இன்னும் ஐந்து ஆண்டுகள் இழுத்தால், இடையில் வீட்டு ஏசியும் மின்சார ஸ்கூட்டரும் சேர்ந்து மாலைத் தேவையை இப்போதைய வேகத்திலேயே ஏற்றிக்கொண்டு போனால், 2030 வாக்கில் மின்வெட்டுக்குப் பயந்த ஓர் அரசு மறுபடியும் நிலக்கரிக்குத்தான் போகும். அப்போது அதைக் குறைசொல்ல என்னிடம் அதிகம் இருக்காது. அதனால் அணுவா, சூரியனா என்று கேட்கும் நேரத்தில், குந்தாவில் இந்த ஆண்டு எத்தனை மீட்டர் சுரங்கம் குடைந்தார்கள், எந்தத் துணைமின் நிலையத்தில் பேட்டரிப் பெட்டி வந்து இறங்கியிருக்கிறது என்று மின்வாரியத்தைக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்தான் கட்டணம்.